வேப்பூரணியில் பெயர்கள் வெந்த கதை

வெள்ளைத்தாய் மூன்று பிளாஸ்டிக் குடங்களோடு ரெங்கராஜ் அண்ணாச்சியின் வீடியோ ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து, "ஏ கனி, வெளிய மண்ட வெடிக்கிற வெயிலு, தண்ணி வாரவரைக்கும் உன் ஏசியில ஓரமா இருந்துக்கிறேன்" என்று சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்த அந்த வெள்ளிக்கிழமை பகலில்தான், எட்டுக் கம்ப்யூட்டர்களிலும் இன்னும் நூற்றுப் பதினெட்டு மணி நேரம் ஆகும் என்று காட்டிக்கொண்டிருந்த கணக்கு, ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரத்துக்குள் நூற்றுப் பதினொன்றாக இறங்கியது.

யாரும் கூச்சல் போடவில்லை. சண்முகக்கனி எழுந்து வயர்களை அழுத்திப் பார்த்தாள், திரையை ஒருமுறை துணியால் துடைத்தாள், முடிந்துபோன படங்களில் நாலைந்தைத் திறந்து மயில் சரியாகப் பறக்கிறதா, எழுத்து கொம்பு உடையாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளைத்தாய் மடியில் கட்டிவந்திருந்த மொச்சையை எடுத்து உரிக்கத் தொடங்கியதும் கணக்கு நூற்றுப் பதினொன்றிலேயே நின்றது.

"மதினி, மொச்சைய கீழ வைங்க" என்றாள் கனி.

வைத்ததும் இறங்கியது.

"தண்ணி வந்து எத்தன நாளாச்சு?"

"இன்னையோட பதிமூணு நாளு. ஏன், உன் மெசினு குடிக்குமா?"

"தண்ணியக் குடிக்கல மதினி. நீங்க காத்திருக்கதக் குடிக்குது. கையில வேல இருந்தா தொட மாட்டேங்குது, சும்மா இருந்தாத்தான்."

"குடிக்கட்டும். எனக்கு அது என்னத்துக்கு" என்று வெள்ளைத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். கால்மணி கழித்து எழுந்து குடங்களை எடுத்துக்கொண்டு போகும்போது, இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி இருப்பதாகவும், பதிமூன்று நாளாக நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது எங்கே போனதென்று தெரியவில்லை என்றும் சொன்னாள். பதிமூன்று நாளுக்கு ஏழு மணி நேரம். கனி அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்தாள்.

அந்த ஆபீஸில் செய்த வேலை வேப்பூரணிக்குப் புரிந்த மாதிரி சொன்னால் இதுதான்: படம் ஒன்றை ஒரேயொரு தடவை வரைந்து, பெயர் வருகிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பெயர்ப்பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டால், எந்திரம் தானாகவே ஒவ்வொரு பெயராக எடுத்து வைத்து ஆயிரம் ஆளுக்கு ஆயிரம் அசையும் படம் செய்யும். செய்யும், ஆனால் மெதுவாகச் செய்யும். ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்தைந்து சித்திரம், அத்தனையையும் அது ஒவ்வொன்றாகத் தீட்டி முடிக்க வேண்டும். ரெண்டர் என்று அதற்குப் பெயர். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "படம் வெந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

வெந்துகொண்டிருந்தது சாதாரணப் படமில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. நாலு தாலுகாக்களில் ஒன்றாம் வகுப்பில் முதல்முதலாகக் கால் வைக்கப்போகிற பதினோராயிரத்து நானூற்று முப்பத்தாறு பிள்ளைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும், வகுப்பு டிவியில் மயில் பறந்து வந்து தோகையை உதற, அதிலிருந்து எழுத்து எழுத்தாக அந்தப் பிள்ளையின் பெயரும் ஊரும் விழுந்து, 'வருக' என்று பூக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உதவி செய்கிற ஒரு அறக்கட்டளை கொடுத்த வேலை அது. நேரத்துக்கு வந்தால் இரண்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கும் வருஷம் முழுக்க இந்த மாடிக்கே வேலை, வராவிட்டால் சென்னைக்குப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். சென்னைக்குப் போனால் அண்ணாச்சி ஆபீஸைப் பூட்டுவார். கனியும் அவளோடு வேலை பார்க்கிற ஆறு பெண்களும் பழையபடி தீப்பெட்டி ஆபீஸுக்குப் பஸ் ஏறுவார்கள். பெயர்ப்பட்டியல் வியாழன் ராத்திரிதான் வந்தது, மற்ற வகுப்புப் பட்டியல்களும் அதோடு சேர்ந்தே வந்து கிடந்தன. திங்கட்கிழமைக்கு முழுசாக நாலு நாள்கூட இல்லை.

கனி தன்னால் முடிந்த வித்தையெல்லாம் முதலிலேயே செய்துவிட்டாள். மயில் எல்லாருக்கும் ஒரே மயில்தான், அதை எதற்குப் பதினோராயிரம் தடவை வேகவைப்பது என்று மயிலையும் வானத்தையும் ஒரே தடவை வேகவைத்து எடுத்து வைத்துக்கொண்டு, மாறுகிற பெயரை மட்டும் மேலே ஏற்றினாள். தலைக்குப் பதினாலு நிமிஷம் என்றிருந்தது ஐந்தாகக் குறைந்தது. அதற்குமேல் குறைக்க அவள் படித்ததில் எதுவும் மிச்சமில்லை.

கனிக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் வீட்டுக்காரர் குருசாமி பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம், முறுக்குக் கம்பெனி போடுகிறவர்களோடு நாக்பூருக்கு ரயிலேறினார். தைக்கு வந்துவிடுகிறேன் என்றார். இரண்டு தடவை போன் பண்ணினார். அப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. காத்திருக்கிறாயா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "எனக்கு வேல கெடக்கு." கிடக்கவும் கிடந்தது. அவள் கை சும்மா இருந்து தெருவில் யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் பூக் கட்டினாள், ரேஷன் வரிசையில் புளியில் கொட்டை எடுத்தாள், கம்ப்யூட்டர் படித்தாள், மற்றவர்களுக்குப் படித்துக்கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வேப்பூரணியில் ரயில் நிற்பதில்லை, மழை மூன்று வருஷத்துக்கு ஒருதடவை எட்டிப்பார்க்கும், மணிக்கு ஒரு பஸ் என்று பலகையில் எழுதியிருக்கும் பஸ் தனக்குத் தோன்றும்போது வரும், கரும்பும் நெல்லும் விளைகிற ஊர்க்காரர்கள் கல்யாண வீடுகளில், "உங்க ஊர்ல என்னய்யா வெளையுது?" என்று கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர், தன்னிடம் விளைந்து விளைந்து குவிந்து கிடப்பது இன்னதென்று அன்றைக்குக் கண்டுகொண்டது. மாடிப்படியில் வரிசை நின்றது. முதியோர் பென்ஷனுக்கு ஐந்து வாரமாக அலைந்த மாடக்கண்ணு கைத்தடியோடு வந்து உட்கார்ந்து பத்தொன்பது மணி நேரத்தை ஒரேயடியாகக் கரைத்தார். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து போன் வருமா வருமா என்று மூன்று வாரம் தூங்காத ஒரு தகப்பன் பதினொரு மணி நேரம் கொடுத்தார். மூலக்கரை பஸ்ஸுக்கு நின்றவர்கள் கும்பலாக வந்து ஆளுக்கு அரைக்கால் நிமிஷம் கொடுத்துவிட்டு, ஹாரன் கேட்டதும் கும்பலாக ஓடினார்கள்.

"ஒங்களுது எவ்வளவு?"

"அஞ்சு வாரம்ல. நீ என்ன, கேஸ் சிலிண்டருக்கா?"

"ஆமா, நாலு நாளு."

"அதெல்லாம் ஒரு காத்திருப்பாலே? கடைசில போய் நில்லு."

இப்படி, அதுவரை எந்த ஆபீஸ் வாசலிலும் தலை குனிந்து நின்றவர்கள் தலை நிமிர்ந்து நின்றார்கள். யாரை எவ்வளவு நாள் நிற்கவைத்தார்கள் என்பது நகை மாதிரி ஆகிவிட்டது. ஒன்றுக்கும் காத்திராமல் சொகுசாக இருந்த அரிசி மில்காரர் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு, அமெரிக்காவில் இருக்கிற மகனின் போனுக்குத் தானும் காத்திருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். கணக்கு அசையவில்லை. மகன் நேற்றுத்தான் பேசியிருந்தான்.

அண்ணாச்சிக்கு யோசனை பிறந்தது. சனிக்கிழமை காலை ஆறு பேரைச் சம்பளம் பேசிக் கூட்டிவந்து, "சும்மா உக்காந்து காத்திருங்கப்பா, அதுதான் வேல" என்று பாய் விரித்து உட்காரவைத்தார். பதினொரு மணி வரைக்கும் கணக்கு நொண்டி நொண்டி இறங்கியது. பதினொன்றுக்கு டீயும் வடையும் வந்ததும் அடியோடு நின்றது.

"வடைக்குத்தான் காத்திருந்திருக்கானுவ" என்றாள் வெள்ளைத்தாய்.

கொடுத்தவர்களுக்கு ஒன்று நடந்தது, அதையும் ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. கொடுத்த காத்திருப்பு திரும்ப வராது. காத்திருந்த பொருள் வந்தால் வரும், வராவிட்டால் வராது, ஆனால் காத்திருப்பு மட்டும் தீர்ந்துவிடும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற செண்பகம், கோயம்புத்தூருக்குப் போன ஒருவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று இரண்டு மாதமாக வைத்திருந்ததைச் சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அவள் இறக்கிய இடத்தில் முழுசாக நாலு தாலுகாவில் ஒரு தாலுகா வெந்து முடிந்தது. சாயங்காலம் அவன் உண்மையிலேயே போனில் எழுதினான். அவள் அதைக் கரண்ட் பில் மாதிரி படித்துவிட்டு, கடையில் மாத்திரை எண்ணப் போனாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. கனி அந்த முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே கவுன்சிலர் வெள்ளை வேட்டியோடு தெருவுக்குள் வந்து, மோட்டார் சரியாகிவிட்டது, இன்றைக்கு ஐந்து மணிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நிறுத்திவைக்க முடியுமா அண்ணே?"

"என்னம்மா, கேலியா?"

"இல்லண்ணே. இன்னும் எங்க பக்கத்துல அஞ்சாறு வீடு பாக்கி இருக்கு. அதுக காத்திருக்கது வீணாப் போயிரும்."

கவுன்சிலர் பதினைந்து வருஷப் பொதுவாழ்வில் இப்படி ஒரு மனுவை வாங்கியதில்லை. யோசித்துவிட்டு, சரி என்றார்.

ஞாயிறு நாலு மணிக்குக் கடைசிப் பெயர் வெந்தது. தெருக்குழாய்களில் தண்ணீர் வந்தது. அண்ணாச்சி பத்துக் கிலோ காரச்சேவு வாங்கிப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார். "இந்தியாவுல எந்த ஊரு மெசினும் எங்க ஊரு வேகத்துக்கு ஓடாது" என்று மாடக்கண்ணு கைத்தடியைத் தரையில் தட்டிச் சொன்னார்.

திங்கள் காலை ஆறே கால் மணிக்கு, அனுப்புவதற்கு முன்னால் ஒருதடவை பார்க்கலாம் என்று எல்லாரும் கூடினார்கள். வெள்ளைத்தாய் தன் தங்கச்சி மகளைக் காட்டச் சொன்னாள். மயில் வந்தது, தோகையை உதறியது, 'சிவகாமி' என்று விழுந்தது, கீழே 'நடுவக்குளம்' என்று விழுந்தது.

"எங்க சிவகாமி ஓடைப்பட்டில்லா?"

கனி பட்டியலைத் திறந்தாள். முதல் கட்டத்தில் ஒற்றையாக ஒரு 'உ' நின்றது.

வெள்ளிக்கிழமை நல்லநேரத்தில் வேலையைத் தொடங்குமுன், எந்தக் கணக்கையும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்காத அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டிவிட்டு ஒற்றை விரலால் பெயர் வரிசையின் உச்சியில் ஒரு கட்டத்தைச் செருகி 'உ' என்று அடித்திருந்தார். பெயர்கள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கின. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பதினோராயிரத்து நானூற்று முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் அடுத்த பிள்ளையின் ஊர். முதலில் வெந்துவந்த படத்தில் மயில் தோகையை உதறி 'உ, வருக' என்று வரவேற்றதை அத்தனை பேரும் பார்த்தார்கள்தான். நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி படியில் உட்கார்ந்துவிட்டார். "ஊர மாத்திப் போட்டா அந்தப் பிள்ளைக மொத நாளே தன்னோட பேர் இல்லன்னு நெனச்சிருமே" என்றார், தனக்கே சொல்வது மாதிரி.

கனி 'உ'வை அழித்து, வரிசையைச் சரிசெய்து, எட்டு எந்திரத்தையும் மறுபடி முடுக்கினாள். நூற்றுப் பத்தொன்பது மணி நேரம். கையில் இருந்தது மூன்று. அதிலும் அனுப்புவதற்கு ஒன்று போகும்.

தெரு ஓடிவந்தது. ஆனால் தண்ணீர் வந்துவிட்டது, பென்ஷன் தீர்ந்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டுப் போன் தீர்ந்துவிட்டது. ஊர் முழுக்கத் துடைத்துவைத்த பானையாகக் கிடந்தது. பஸ்ஸுக்கு நின்றவன் ஒரு நிமிஷம் கொடுத்தான். இட்லி வேகக் காத்திருந்தவள் அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்து முக்கால் நிமிஷம் கொடுத்தாள். ஏழு மணிக்கு நூற்றுப் பதினெட்டில் நின்றது.

வெள்ளைத்தாய் கனி பக்கத்தில் வந்தாள். "கனி, ஒண்ணு கேப்பேன். வைவியா?"

"கேக்காம இருந்தா வைய மாட்டேன்."

"ஒரு நிமிசம் கைய மடியில வச்சிக்கிட்டு உக்காரு தாயி."

கனியின் விரல்கள் கீபோர்டில் வேலையில்லாமலே எதையோ அடித்தன. "நான் யாருக்கும் காத்திருக்கல மதினி."

"சரி. அப்ப கணக்கு எறங்காது. உனக்கு என்ன நட்டம்?"

ஆறு பெண்களும் திரையைப் பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இறங்காவிட்டால் பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை. இறங்கினால் பதினோரு வருஷமாகத் தெருவுக்குச் சொன்ன பதில் எட்டுத் திரையில் பொய்யாகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் செண்பகத்தின் முகத்தோடு நிமிர்ந்து பார்க்க வேண்டும். கனி துண்டுத்தாளை எடுத்தாள். பதிமூன்று நாளுக்கு ஏழு மணி என்றால் நூற்றுப் பதினெட்டுக்கு ஏழு மாதம், கொஞ்சம் கூட. பதினோரு வருஷத்தில் ஏழெட்டு மாதம். அதைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். மிச்சம் தன்னுடையது.

கீபோர்டைத் தள்ளிவைத்தாள். சுவரோரம் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்தபோது அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவள் மாதிரி வைத்தாள்.

இறங்கியது. முதல் தைப் பொங்கலுக்கு எடுத்துவைத்த வேட்டி போயிற்று, அந்த மாசி போயிற்று, ராத்திரி பத்தேகால் பஸ் திருப்பத்தில் வேகம் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் உலைமூடியை வைத்துவிட்டு நின்ற நிற்பு போயிற்று, நம்பர் மாறிய பிறகும் மனப்பாடமாக வைத்திருந்த பத்து எண்கள் ஒவ்வொன்றாகப் போயின, தெரியாத நம்பரிலிருந்து வந்த அழைப்பையெல்லாம் இரண்டாம் மணிக்குள் எடுத்த அவசரம் போயிற்று. ஒவ்வொன்று போகப் போக எட்டுத் திரையிலும் மயில்கள் தோகையை உதறின, முத்துச்செல்வி மேலக்காடு, அய்யனார் கல்லுப்பட்டி, சிவகாமி ஓடைப்பட்டி என்று பிள்ளைகள் தத்தம் ஊரோடு வந்து இறங்கினார்கள். எட்டேகால் மணிக்குப் பூஜ்யம்.

பெண்கள் கைதட்டவில்லை. அனுப்பத் தொடங்கினார்கள். ஒருத்தி வந்து, "யக்கா, எந்திரிங்க, முடிஞ்சிருச்சு" என்றாள்.

கனி மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். "ஒங்களுது முடிஞ்சிருச்சு. எனக்கு இன்னும் பத்து வருசம் கெடக்கு. இருக்கேன், முடிச்சிட்டு வாரேன்."

"மெசினுக்கு வேல இல்லையே யக்கா."

"ரெண்டாங்கிளாஸ் பட்டியல எடுத்துப் போடு."

போட்டார்கள். வெந்தது. மூன்றாம் வகுப்பைப் போட்டார்கள். வெந்தது. ஒன்பதரைக்கு மணியடித்த பிறகு போன்கள் வரத் தொடங்கின. ஒரு டீச்சர், டிவியில் தன் பெயரைப் பார்த்த பிள்ளை எழுந்து நின்று "உள்ளேன் அய்யா" என்றதாகச் சொல்லிச் சிரித்தார். ஓடைப்பட்டியிலிருந்து வெள்ளைத்தாயின் தங்கச்சி பேசினாள், சிவகாமி வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாளாம், மயில் மறுபடி வரட்டும் என்கிறாளாம். அறக்கட்டளையிலிருந்து பேசிய அம்மா, இவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தீர்கள், என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வெள்ளைத்தாய் போனை வாங்கி, "மெசினெல்லாம் எல்லாரும் வச்சிருக்கதுதான்மா. எங்க ஊர்ல கனி இருக்கா" என்று சொல்லி வைத்தாள்.

கனி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் வகுப்பு வெந்தது, ஒன்பது வெந்தது, பத்து வெந்தது. படியிலும் தெருவிலும் ஊர் நின்றது, அவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை, எவ்வளவு காத்திருந்தாள் என்பதை மட்டும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடக்கண்ணு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பெயர் விழுந்தபோது மணி பதினொன்று.

கனி எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். பசிக்கிறது என்றாள்.

அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "தாயி, எல்லாம் சரிதான். வருசம் முழுக்க செய்ய வேண்டிய வேலைய ஒரு காலைல முடிச்சிட்டோமே, இனி அடுத்த வேல வாரவரைக்கும் நாம என்ன செய்ய?"

"வாரவரைக்கும் எதுக்கு அண்ணாச்சி இருக்கணும்?" என்றாள் கனி. "சாப்பிட்டுட்டு வாங்க, மதுரைக்குப் போய் நாமளே வேலைய வாங்கிட்டு வருவோம்."